சொன்னா இருக்காது

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் வயதுக்கு உரிய வலிகளைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நம்பிக்கை மட்டும் போதாது, நீயும் எழுதித் தெரிவிக்க வேண்டும். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நான் பிடிகொடுக்காமல் பேசியதற்காக உன் அம்மா என்னை இன்னும் விட்டபாடில்லை. பெத்த பொண்ணு கேக்கிறா, அவகிட்டயுமா வாய்தா வாங்குவீங்க என்கிறாள். காரணமில்லாமல் நான் அப்படிப் பேசவில்லை. தொலைபேசியில் பேசும்போது ஒன்று விட்டுப்போகும், ஒன்று கூடிப்போகும். உன் சித்தப்பாவைப் பற்றித் துறைமுகத்தில் ஆளுக்கு ஒரு முழம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் இது, அதில் என் முழமும் சேர வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் இந்தக் கடிதம். நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன். சித்தப்பா துறைமுகத்தாருக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று உன் பள்ளித் தோழி அனுப்பிய செய்தி உண்மையா என்பது உன் முதல் கேள்வி. நீ எத்தனை முறை அழைத்தும் அவர் எடுப்பதில்லையே, உன்மீது கோபமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம், உன்மீது அவனுக்குக் கோபம் இல்லை. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது, பொறுமையாகப் படி.

நீ இங்கிருந்து புறப்பட்ட ஆண்டில் கத்தாழை மீன் எப்படிக் கிடைத்தது என்பது உனக்கு நினைவிருக்கும். ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் கால் வைக்க இடமின்றிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், ஐஸ் ஆலை இரவு பகலாக ஓடியது. முட்டையிடும் பருவத்தில் அந்த மீன்கள் ஓரிடத்தில் கூடும் என்பதும், கூடினால் அந்தி வேளையில் வயிற்றுக்குள்ளிருந்து ஒருவகைத் தட்டல் ஒலி எழுப்பும் என்பதும், எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகின் அடித்தட்டில் காதை வைத்தால் அது கேட்கும் என்பதும் நீ சிறுமியாக இருந்தபோது சித்தப்பாவின் படகில் போய் நேரில் அறிந்துகொண்டவை. யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்களே, ஏன் யாரும் திறக்க மாட்டேங்கறீங்க என்று நீ கேட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பான் என்றா எழுதினேன், சிரித்துக்கொண்டிருந்தான் என்று திருத்திப் படித்துக்கொள். இந்தத் துறைமுகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருப்பதையும் நீ அறிவாய். மீன் கூட்டத்தை முதலில் கண்டவன் தன் வலையை இறக்குவதற்கு முன்னால் வயர்லெஸ்ஸில் எல்லாப் படகுகளுக்கும் சொல்லிவிட வேண்டும், பந்தி போட்டாச்சு, எல்லாரும் வாங்கடா என்பதுதான் அந்த அழைப்பு. கண்டும் சொல்லாமல் தனியாக அள்ளிக்கொண்டு வருபவனுக்குக் கதவடைச்சுத் தின்னவன் என்று பெயர் விழும். அந்தப் பெயர் விழுந்தவனின் படகு நடுக்கடலில் பழுதாகி நின்றால்கூடக் கயிறு வீச ஆள் வராது. என் தொழிலில் எத்தனையோ சட்டங்களோடு பழகியிருக்கிறேன், இவ்வளவு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட சட்டம் வேறொன்றைக் கண்டதில்லை. சித்தப்பாவின் காது மற்றெல்லார் காதைவிடவும் கூர்மையானது என்பதால் பெரும்பாலான பருவங்களில் அந்த அழைப்பு அவன் குரலில்தான் வரும்.

எங்கே தவறு நேர்ந்தது என்று இப்போது எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள். ஒருவரைச் சுட்டிக்காட்டும்படியான தவறு எதையும் நான் காணவில்லை, துயரமே அதுதான். முன்பெல்லாம் மீன் பல இடங்களில் கூடும். பிறகு சில இடங்களில் கூடியது. கடைசி ஆண்டுகளில் ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் கூடியது. ஆனால் அந்தப் பள்ளத்தில் மீன் அப்பியிருந்தது, அழைப்பு வந்ததும் எல்லாப் படகுகளும் அங்கேயே போயின, எல்லாப் பெட்டிகளும் எப்போதும்போல நிறைந்தன, யாருக்கும் குறை தெரியவில்லை. ஏலக்கூடத்தில் வந்து இறங்கியதை மட்டும் பார்த்தவர்களுக்குக் கடலில் எதுவும் மாறியதாகத் தோன்றியிருக்க முடியாது. ஒளித்துவைக்கும் வழக்கம் உள்ள துறைமுகமாக இருந்திருந்தால் சில படகுகளாவது வெறும் பெட்டியோடு திரும்பியிருக்கும், அதைப் பார்த்துச் சிலராவது பயந்திருப்பார்கள். இங்கே யாரும் வெறும் பெட்டியோடு திரும்பவில்லை, அதனால் யாரும் பயப்படவில்லை. அடுத்த பருவத்தில் சித்தப்பா அந்தப் பள்ளத்தின்மேல் படகை நிறுத்திக் காது வைத்தபோது அலை பலகையில் மோதும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கடுத்த பருவத்திலும் இல்லை. அதன்பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு கத்தாழை பிடிக்கத் தடை போட்டது. பிடிக்க மற்ற மீன்கள் உண்டு என்றாலும் அவை டீசல் செலவுக்கே காணாது என்கிறார்கள். ஐஸ் ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏலக்கூடத்தில் இப்போது பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், விரட்டுவதற்கும் ஆள் இல்லை.

இந்தத் தடையை நீக்கக் கோரிப் படகு உரிமையாளர் சங்கம் மறுஆய்வுக் குழுவின் முன் மனுச் செய்தது. சங்கத்தின் சட்ட ஆலோசகன் என்ற முறையில் அதைத் தயாரித்தவன் நான். மீன் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்பது எங்கள் தரப்பு வாதம். அதற்கு முதல் சாட்சியாகச் சங்கம் உன் சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தது, அவன் காதுக்கு அவ்வளவு மதிப்பு. விசாரணைக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு மத்தியானம் அவன் என் அலுவலகத்துக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே நின்று அண்ணா, டீ குடிச்சியா என்று கத்துகிறவன், அன்று உள்ளே வந்து கதவைச் சாத்தினான், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் அவனைப் பார்ப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. நான் கேட்டேண்ணா என்றான். என்ன கேட்டாய் என்றேன். மீனை என்றான். பருவம் தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் அந்தியும் எஞ்சின் பார்க்கும் ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வெறுமனே சுற்றிவந்திருக்கிறான், யாரும் போகாத ஓர் ஓரத்தில் சின்னக் கூட்டம் ஒன்று தட்டுவதைக் கேட்டிருக்கிறான். ரொம்பக் கொஞ்சம்ணா, ஒரு கல்யாண வீட்டுக்கு வந்துட்டுப் பஸ் கிடைக்காம நிக்கிற சொந்தக்காரங்க மாதிரி, அவ்வளவுதான் இருக்கு என்றான். வயர்லெஸ்ஸில் சொன்னாயா என்றேன். வாய் வரைக்கும் வந்தது, சொல்லல என்று சொல்லிவிட்டு என் மேசைமேல் இருந்த காகித எடைக்கல்லை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் ஆட்களிடமிருந்து ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல், கேட்காததை நீயாகச் சொல்லாதே, பொய் மட்டும் சொல்லாதே என்று எந்தச் சாட்சிக்கும் சொல்லும் யோசனையையே அவனுக்கும் சொன்னேன். இதை அறிந்த பிறகு அவனை நான் விசாரிப்பது முறையல்ல என்பதால், தம்பியைச் சாட்சியாக விசாரிப்பதில்லை என்று மட்டும் சங்கத்துக்குத் தெரிவித்து என் அலுவலகத்து இளைய வக்கீல் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நான் பின்வரிசையில் அமர்ந்தேன். இனி வருவது நான் நேரில் கண்டது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, காது சற்று மந்தம், அதனால் எல்லாரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. கடல் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த அம்மையார் முதலில் பேசினார். ஒரு பெரிய வீட்டில் ஆட்கள் குறையக் குறைய மீதமிருப்பவர்கள் எல்லாரும் ஓர் அறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், அந்த அறையின் ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கிறவர் வீடு நிறைய ஆட்கள் என்றுதானே சொல்வார், பள்ளத்தில் நடந்தது அதுதான் என்றார். மண்டபம் முணுமுணுத்தது. பிறகு சித்தப்பா. எங்கள் இளையவர் கேட்டது ஒரே கேள்வி, மீன் இருக்கிறதா இல்லையா. இருக்கு என்றான். பின்னால் கைதட்டல் எழுந்தது. இளையவர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்துவிட்டார், நானாக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன். தலைவர்தான் முன்னால் சாய்ந்து, எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதைச் சொல்ல மாட்டேங்கய்யா என்றான் இவன். சிலர் சிரித்தார்கள், தலைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், உரக்கச் சொல்லும்படி சைகை செய்தார். சொல்ல மாட்டேன் என்று மண்டபம் அதிர மறுபடி சொன்னான். ஏன் என்று கேட்டார். சொன்னா இருக்காது என்றான். 

தடை நீட்டிக்கப்பட்டது. மீன் மீதமிருக்கிறது என்பதற்கும், அது காப்பாற்றப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு என்பதற்கும் எங்கள் சாட்சியின் வாக்குமூலமே போதுமானது என்று குழு எழுதியது. எங்கள் மனு எங்கள் சாட்சியாலேயே தோற்றது. சங்கத்தார் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் நான் உள்ளே நுழைந்தால் பேச்சை மாற்றினார்கள், நானாகவே ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். உன் சித்தப்பாவுக்கு நடந்தது அப்படி நாசூக்காக நடக்கவில்லை. கதவடைச்சுத் தின்னவன் என்ற பெயர் அவனுக்கு விழுந்தது. வலை பின்னும் கொட்டகையில் அவன் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு பக்கம் போவார். வயர்லெஸ்ஸில் வானிலை கேட்டால்கூட யாரும் பதில் சொல்வதில்லை. அவனோடு சிறுவயதிலிருந்து கடலுக்குப் போன ஒருவர், உன் காதை அறுத்து நாய்க்குப் போட்டாலும் நாய் தொடாதுடா என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னதாகக் கேள்வி. உன் சித்தி மட்டும் யாருக்கும் சளைக்கவில்லை. சந்தையில் ஒருத்தி ஜாடை பேசியபோது, எங்க வீட்டுக்காரர் கதவடைச்சுத் தின்னிருந்தா நான் ஏம்மா இப்படி இளைச்சுக் கிடக்கேன், எனக்குக்கூடக் கொடுக்காமத் தின்னிருப்பாருங்கறியா என்று கேட்டுச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள், வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். கண்ட நேரத்தில் கண்டவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டத் தொடங்கியதால் அவன் யார் அழைத்தாலும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். உன் வெளிநாட்டு எண் நீளமாக இருப்பதால் அதைத்தான் முதலில் சந்தேகிக்கிறான்.

நடுவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், துக்கத்தில் மறந்துவிடக் கூடாது. நீ அனுப்பிய வாடகை ஒப்பந்தத்தைப் படித்தேன். சுவரில் ஈரம் கசிந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில் அது மௌனமாக இருக்கிறது. வீட்டுக்காரர் நல்ல மனிதர் என்று நீ எழுதியிருந்தாய், நல்ல மனிதர்களிடம்தான் எழுதி வாங்கத் தயக்கம் வரும், ஆகவே கூடுதல் கவனம் தேவை. இப்போது சுவர் இருக்கும் நிலையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவை, பேச்சில் வேண்டாம். குழந்தையின் இருமல் அந்த ஈரத்தால்தான் என்று உன் அம்மா உறுதியாக நம்புகிறாள். அவள் முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும் இருக்கிறது, அதனால் துணி உலர்த்துவது இப்போது என் வேலை. சரியாகப் பிழியவில்லை என்று தினமும் எனக்கு எதிராகத் தீர்ப்பு வருகிறது, மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

இனி சொல்லப்போவதுதான் நீ இன்னும் கேள்விப்படாதது. சித்தப்பாவின் படகில் எஞ்சின் பார்க்கும் ஆளை உனக்குத் தெரியும், மேலெல்லாம் எப்போதும் எண்ணெய் வாடை வீசுவதால் டீசல் என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, அவன்தான். நீ கல்யாணமாகிப் போனபோது உன் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டிவரை வந்தவன். அந்தி நேரங்களில் சித்தப்பாவோடு காது வைக்கப் போனது அவன் ஒருவன்தான், ஆகவே இடம் தெரிந்த இரண்டாவது ஆளும் அவன்தான். விசாரணைக்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. அவன் மனைவி ஐஸ் ஆலையில் வேலை இழந்தவர்களில் ஒருத்தி. மூத்த மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள். வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிவது இரண்டாகிப் பிறகு ஒன்றான நிலையில், சும்மா கட்டிக்கிடந்த ஒருவர் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு, போன வாரத்துக்கு முந்தைய வாரம் ஓர் அந்தியில் துணைக்கு ஓர் ஆளோடு அவன் அந்த இடத்துக்குப் போனான். ஒரு தடவை, ஒரே ஒரு வலை, அப்புறம் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்னுதான் சார் போனேன் என்று பிறகு என்னிடம் சொன்னான். நான் அதை நம்புகிறேன். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் காலுக்கடியில் பலகை முழுவதும் தட்டல் கேட்டிருக்கிறது. சித்தப்பா கேட்டதைவிட அதிகம், கொஞ்ச நாளில் கூட்டம் பெருகியிருக்கிறது. அதைக் கேட்டதும் தான் எதற்கு வந்தோம், எதை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. வயர்லெஸ்ஸை எடுத்தான், பந்தி போட்டாச்சு, எல்லாரும் வாங்கடா என்று கூப்பிட்டுவிட்டான்.

வக்கீல் என்ற முறையில் பல குற்றங்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன் அம்மா, தடை செய்யப்பட்ட ஒன்றைச் செய்யப் போனவன் ஊரையே கூப்பிட்ட கதையைக் கேட்டதில்லை. ஏன் கூப்பிட்டாய் என்று நான் கேட்டதற்கு அவன் திருதிருவென்று விழித்தான், அவ்வளவு மீனை வச்சுக்கிட்டு எப்படி சார் கூப்பிடாம இருக்கிறது என்றான். அந்தக் குரலைக் கேட்டவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவன். அவன் வீட்டில் வயர்லெஸ் பெட்டி சமையலறை அலமாரியில் இருக்கிறது, யாரும் பேசாவிட்டாலும் அதை அணைப்பதில்லை. சித்தி சொல்லி நான் கேட்டது இது. தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தானாம். சித்தி பதறிப்போய், போகாதீங்கன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா ரெண்டு பேராவது நிப்பாங்க என்று கெஞ்சியிருக்கிறாள். யார் காதுல விழும் என்றானாம். பிறகு, அவன் குரல் எவ்வளவு சந்தோஷமா இருக்கு பாரு என்று மட்டும் சொன்னானாம்.

ஓடக்கூடிய படகுகள் எல்லாம் போயின. அரசின் ரோந்துப் படகில் இருந்தவர்களுக்கும் காது உண்டு என்பதை யாரும் நினைக்கவில்லை. விடியும்போது துறைமுக வாயிலில் அவர்கள் காத்திருக்கக் கண்டு, மற்றப் படகுகள் பிடித்ததையெல்லாம் கடலில் கொட்டிவிட்டு வெறும் பெட்டிகளோடு உள்ளே வந்தன. செத்த மீன் வெள்ளையாக மிதந்து அலையோடு கரை ஒதுங்கியதை நானே போய்ப் பார்த்தேன். டீசல் மட்டும் தன் மீனைக் கொட்டவில்லை. முட்டையோட இருக்கிறதைத் தண்ணியில கொட்ட மனசு வரல சார் என்றான். அதனால் அகப்பட்டது அவன் படகு ஒன்றுதான், துணைக்கு வந்தவனை விட்டுவிடும்படி பொறுப்பைத் தானே ஏற்றதால் வழக்கு அவன்மேல் மட்டும். பறிமுதல் செய்த மீனை அதிகாரிகள் ஏலக்கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தத் தரை நனைந்திருந்தது. துறைமுகமே சுவரோரமாக நின்று பார்த்தது. வயிறு புடைத்த மீன்கள், ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு மேல். உன் சித்தப்பா வந்தபோது வழிவிட்டார்கள். வெறுப்பில் விலகினார்களா வேறு எதனாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவன் குனிந்து ஒன்றன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மீன் விற்கும் அம்மா ஒருத்தி, ஏம்ப்பா, இதைத்தானா இத்தனை நாளா எங்க கண்ணுல காட்டாம ஒளிச்சு வச்சிருந்தே என்று கேட்டாள். ஒளிச்சு வைக்கலம்மா, விட்டு வச்சிருந்தேன் என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரிகள் எடைபோட்டு எழுதத் தொடங்கினார்கள்.

அதன்பிறகு ஓர் அந்தியில் அவன் என்னையும் படகில் கூட்டிக்கொண்டு போனான். நான் கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், துறைமுக வாயிலைத் தாண்டுவதற்குள்ளேயே ஆயிற்று. எஞ்சினை நிறுத்தினான், இருவரும் அடித்தட்டில் படுத்துக் காதை வைத்தோம். எனக்குத் தண்ணீர் தளும்புவதும் என் நாடித் துடிப்பும்தான் கேட்டன. அவன் கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் முழுவதும் போகும்வரை எழுந்திருக்கவில்லை. ஒலி கேட்கவில்லை என்பது மீன் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது என்று நான் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஆய்வு நிலைய அம்மையாரும் இன்னும் சில பருவங்கள் போகாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றே சொல்லியிருக்கிறார். சான்றெல்லாம் உனக்கு வேணும்ணா, எனக்கு ஒரு தட்டு கேட்டாப் போதும் என்றான். திரும்பும் வழியில்தான் டீசலைப் பற்றி எடுத்தான், நீதான் அவனுக்காக நிக்கணும் என்றான். உன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் சொல்கிறதே, உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். வருத்தம் இருக்கு, அதுக்காக அவனை உள்ளே போட்டா அவன் பிள்ளைங்க யாரு வீட்டுல சாப்பிடும் என்றான்.

வழக்கை எடுத்துக்கொண்டேன். குற்றம் நடந்ததை மறுக்க வழியில்லை, மறுக்கவும் மாட்டேன். திருடப் போனவன் கூவிச் சொல்ல மாட்டான் என்பதையும், அந்த அழைப்பு இங்கே என்ன பொருள்படும் என்பதையும் நீதிமன்றத்துக்கு விளக்கித் தண்டனையைக் குறைக்கக் கேட்பது ஒன்றே வழி. அதை விளக்க ஒரு சாட்சி வேண்டும். அழைப்பைக் கேட்ட படகுகள் எல்லாம் அன்று மீன் பிடிக்கப் போனவையே, ஆகையால் அவர்களில் யாரும் கூண்டேற மாட்டார்கள். நான் சொல்கிறேன் என்று உன் சித்தப்பா முன்வந்தான். நான் எச்சரித்தேன். அரசுத் தரப்பு உன்னைச் சும்மா விடாது, அந்த இடத்துக்கு அவனைக் கூட்டிப்போய்க் காட்டியது நீதானே என்று கேட்பார்கள், அழிந்ததற்கு நீதான் முதல் காரணம் என்று பதிவாகும், துறைமுகத்திலும் மிச்சமிருக்கிற நாலு பேரும் உன்னை விட்டு விலகுவார்கள் என்றேன். கேக்கட்டும்ணா, நானே சொல்லிடறேன் என்றான். மீனைக் கண்டா முதல்ல கூப்பிடுன்னு அவன் சின்னப் பையனா படகுல ஏறினப்ப சொல்லிக் கொடுத்தது நான். கூப்பிடாம இருக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கல. அது எங்க யாருக்குமே தெரியாதுண்ணா என்றான்.

உன் முதல் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான், துரோகம் என்ற சொல்லை நீயே எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள், எனக்கு இடம் கிடைக்கவில்லை. சித்தப்பாவும் சித்தியும் கொஞ்ச நாள் உன்னோடு வந்து இருக்கட்டும் என்று நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். வழக்கு முடியாமல் வர மாட்டான், அந்த அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. அடுத்த மாத முதல் வாரத்தில் அவன் கூண்டேறுகிறான், சரியான தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் நீ என் தொலைபேசிக்குக் கூப்பிடு, நான் அவனிடம் கொடுக்கிறேன். கடலைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ எதுவும் கேட்காதே, குழந்தையைப் பேசவிடு. அவன் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பான். சுவரைப் படம் எடுக்க மறக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல், உங்கள் வீட்டில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா